காலையா, மாலையா: கல்லூரி வேலையோடு முழு மாரத்தானுக்குத் தயாராவது

"மேடம், காலையில ஓடவா, சாயங்காலம் ஓடவா?"

ஜூலையில் ஒரு புதன்கிழமை. எங்கள் வேதியியல் ஆய்வகத்தில் ரிஃப்ளக்ஸ் (கரைசலை வெகுநேரம் கொதிக்கவைப்பது) போட்டுவிட்டு அது முடியக் காத்திருந்த நேரத்தில் என் ஆய்வு மாணவி கேட்டாள். வரும் ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் ஓடுவதென்று முடிவு செய்திருக்கிறாள். அதே கல்வியாண்டில் ஆய்வேட்டின் சுருக்கமான சினாப்சிஸும் கொடுக்க வேண்டும். "உனக்கு எது வசதியோ அதைச் செய்யும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நான் இரண்டையும் செய்து பார்த்தவள். இரண்டு வருடம் அதிகாலையில் ஓடித் தயாரானேன், ஒரு வருடம் மாலையில். இரண்டும் வேறு வேறு விலை கேட்டன. அன்று அவளிடம் சொன்னதையும், ரிஃப்ளக்ஸ் முடிந்துவிட்டதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் எவ்வளவு நேரம் வேண்டும் என்று பார்த்துவிடலாம். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். எங்களைப் போல வேலையோடு ஓடுகிறவர்கள் வாரத்துக்கு நாலு நாள் ஓடி 40, 45 கிலோமீட்டர் சேர்த்தால் போதும். கடைசி வாரங்களில் கொஞ்சம் கூடும். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்றால் 45 கிலோமீட்டருக்கு ஐந்தேகால் மணி நேரம். ஷூ மாட்டுவது, உடம்பை நீட்டி மடக்குவது, குளிப்பது, நனைந்த துணியை அலசிப் போடுவது எல்லாம் சேர்த்தால் எட்டு மணி நேரத்தில் வந்து நிற்கும். உதவிப் பேராசிரியருக்குப் பல்கலைக்கழக மானியக் குழு சொல்லும் வகுப்பு நேரமே வாரத்துக்கு 16 மணி. அதில் பாதி அளவு நேரத்தை ஓட்டத்துக்கென்று தனியாக எடுக்கிறோம். அவ்வளவு பெரிய துண்டை நாளின் எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுவது என்பதுதான் கேள்வி. வெட்டுகிற இடத்தில் ஏற்கனவே யாராவது இருப்பார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

அதிகாலையிலிருந்து தொடங்குகிறேன். என் வீடு மதுரையில், புதூரில். நாலேகாலுக்கு எழுந்து, நாலே முக்காலுக்குத் தெருவில் இறங்கினால் ஆறு மணிக்குள் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் முடிந்துவிடும். அதற்கு மேல் காலை நேரம் வீட்டுக்குச் சொந்தம்: குக்கர், பாப்பாவின் சடை, மதியச் சாப்பாடு. கூட ஓடும் ஆண் ஆசிரியர்கள் பலர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. அவர்கள் ஓடி முடித்து வரும்போது இட்லி வெந்திருக்கும். எங்கள் வீட்டில் அத்தையும் கணவரும் காலை வேலையைப் பிரித்துக்கொண்டதால்தான் என்னால் ஆறு மணிவரை வெளியே இருக்க முடிந்தது. காலை ஓட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். உங்களுக்காக யார் அரை மணி முன்னால் எழுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

நாலேகாலுக்கு எழுந்து ஏழு மணி நேரம் தூங்கியிருக்க வேண்டுமென்றால் ஒன்பதேகாலுக்குப் படுத்தாக வேண்டும். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இதுதான் கடினம். பகல் முழுக்க வகுப்பு, பதிவேடு, இன்டர்னல் மதிப்பெண், கூட்டம். கட்டுரை எழுதவும், மாணவர் ஆய்வேட்டைப் படித்துத் திருத்தவும் எங்களுக்கு மிஞ்சுவது ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்று. காலையில் ஓடத் தொடங்கிய முதல் வருடம் நான் இழந்தது அந்த இரண்டு மணி நேரத்தைத்தான். தூக்கம் போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தேன். தூக்கம் நன்றாகவே இருந்தது, கட்டுரைதான் நின்றது. ஒரு திருத்தத்தை மூன்று வாரத்தில் அனுப்ப வேண்டியவள் இரண்டு மாதம் கழித்து அனுப்பினேன். ஆய்வேடு எழுதும் கட்டத்தில் இருக்கிற மாணவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன் மாதத்தில் ஆறு மணிக்கே விடிந்துவிடுகிறது. ஜனவரியில் சூரியன் வர ஆறரை தாண்டும். ஒரு பெண் தனியாக நாலே முக்காலுக்கு ஓடுவது என்றால் எந்தத் தெரு என்பது முக்கியம். தூங்கா நகரம் என்கிறோமே, அது ஓடுகிறவர்களுக்கு உதவுகிறது. மாட்டுத்தாவணிப் பக்கம் அந்நேரத்துக்குப் பூ மார்க்கெட் முழு வேகத்தில் இருக்கும். மல்லி மூட்டையை இறக்குகிற சத்தம், டீக்கடை வெளிச்சம், பஸ்ஸுக்கு நிற்கிற ஜனம். நான் தனியாக ஓடும் நாளில் அந்தப் பக்கம்தான் போவேன். உள் தெருக்களில் நாய்த் தொல்லை. இரண்டு பேராகப் போனால் பாதி குறையும். மார்கழி வந்துவிட்டால் தெருவே மாறிவிடும். நாலரைக்கே வாசலுக்கு வாசல் பெண்கள் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், கோவில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். "என்னம்மா, இன்னைக்கு லேட்டு?" என்று கேட்கிற அம்மா ஒருவர் எங்கள் தெருமுனையில் இருக்கிறார். ஜனவரி மாரத்தானுக்கான கடைசி வாரங்கள் சரியாக மார்கழியில் விழுகின்றன. வருடத்தில் ஒரு பெண் இருட்டில் நிம்மதியாக ஓடக்கூடிய முப்பது நாள் அது.

இப்போது மாலை. மூன்றாவது வருடம் நான் ஐந்தரைக்கு மாறினேன். நேர அட்டவணை மாறி, காலை முதல் வகுப்பே எனக்கு விழுந்தது ஒரு காரணம். ராத்திரி எழுதும் நேரம் வேண்டும் என்பது இன்னொன்று. முதல் வாரத்திலேயே உடம்பு வித்தியாசம் காட்டியது. மனித உடம்பின் வெப்பநிலை விடியலுக்கு முன் மிகக் குறைவாகவும், பிற்பகல் கடந்து மாலையில் மிக அதிகமாகவும் இருக்கும். காலையில் முதல் இரண்டு கிலோமீட்டர் கணுக்கால் கட்டை மாதிரி இருக்கும். மாலையில் ஐந்தாவது நிமிடமே கால் இளகிவிடும். வேகப் பயிற்சிக்கு மாலையை மிஞ்ச ஒன்றும் இல்லை. ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தின் சிந்தெடிக் டிராக்கில் 400 மீட்டராகப் பிரித்து ஓடும்போது, பக்கத்துத் தடத்தில் பள்ளிப் பிள்ளைகள் பறந்துகொண்டிருப்பார்கள். அந்த வேகம் நமக்கும் கொஞ்சம் ஒட்டும்.

ஆனால் மதுரை வெயில். ஏப்ரல், மே மாதத்தில் பகலில் 38, 40 டிகிரி அடித்த தார்ச்சாலை ஐந்தரை மணிக்கும் முழங்காலுக்குக் கீழே அனலை விட்டுக்கொண்டிருக்கும். ஆய்வகப் பழக்கத்தில் நான் மூன்று வாரம் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து எழுதினேன். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேர ஓட்டத்தில் காலையில் 800 கிராம் குறைந்தது, மாலையில் 1,100 கிராம். விசித்திரம் என்னவென்றால், காலையில்தான் அதிகம் வேர்ப்பதுபோலத் தோன்றும். விடியலில் காற்றில் ஈரப்பதம் கூடுதல். வேர்வை ஆவியாகாமல் சட்டையைப் பிழிகிற மாதிரி நனைத்துவிடும். மாலைக் காற்று வறண்டது. வேர்வை உடனே காய்ந்து, சட்டையின் முதுகில் வெள்ளையாக ஒரு உப்புக்கோடு மட்டும் நிற்கும். நனையாத சட்டையைப் பார்த்து ஏமாந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடக் கூடாது. மாலையில் ஓடுகிறவர்கள் மதியம் மூன்று மணியிலிருந்தே குடிக்கத் தொடங்க வேண்டும். உப்புப் போட்ட மோர் எனக்குச் சரியாக இருந்தது.

மாலைக்கு இன்னொரு எதிரி கல்லூரியே. நாலே காலுக்கு "ஒரு சின்ன மீட்டிங்" என்று வாட்ஸப் வரும். ஆய்வு மாணவர் என்.எம்.ஆர். சோதனை (மூலக்கூறின் அமைப்பைக் காட்டுவது) முடிவோடு வாசலில் நிற்பார். சந்தேகம் கேட்க வருகிற இளநிலை மாணவர்களுக்கு வகுப்பு முடிந்த பிறகுதான் தைரியமே வரும். அவர்களை "நாளைக்கு வாப்பா" என்று அனுப்பிவிட்டு ஷூவை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் வாரத்தில் நாலு நாள் என்று போட்ட மாலை ஓட்டம் மூன்றாகவும், சில வாரம் இரண்டாகவும் சுருங்கியது. காலை நேரத்தில் யாரும் மீட்டிங் வைப்பதில்லை. சில கல்லூரிகளில் இரண்டாம் ஷிஃப்டில் வகுப்பு எடுப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. மாலை அவர்களுடையது இல்லை.

அந்த வருடம் என் நேரம் 5 மணி 12 நிமிடத்திலிருந்து 4 மணி 49 நிமிடத்துக்கு இறங்கியது. நிறுத்தி வைத்திருந்த கட்டுரையும் வெளிவந்தது. அதே வருடம் வாரத்தில் மூன்று நாள் நான் வீட்டுக்கு வந்தபோது ஏழே முக்கால். பாப்பா பாட்டியோடு சாப்பிட்டு முடித்து, பல் தேய்த்து, புத்தகத்தோடு கட்டிலில் இருந்தாள். 23 நிமிடம் எனக்குப் பெரிய விஷயம்தான். ஆனாலும் அடுத்த ஜூனில் நான் பாதிக்குக் காலைக்கே திரும்பிவிட்டேன்.

மதிய இடைவேளையைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ரோஜர் பானிஸ்டர் லண்டனில் மருத்துவ மாணவராக இருந்தபோது மதிய இடைவேளையில்தான் பயிற்சி செய்தார். 1954 மே 6-ம் தேதி ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, நாலு நிமிடத்துக்குள் அதை முடித்த முதல் ஆள் ஆனார். ஆனால் அவர் பயிற்சி செய்தது லண்டன் வானத்தின் கீழ். மதுரையில் பன்னிரண்டரை மணிக்கு வெளியே ஓடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். டிரெட்மில் இருக்கிற ஜிம்மில் ஓடலாம். மழை நாளுக்கு நல்லது. அதையே முழுப் பயிற்சியாக வைத்துக்கொண்டால் வெயிலுக்கும் சாலைக்கும் கால் பழகாது.

படிப்பாளிகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிற சக ஆசிரியர்களிடம் நான் இரண்டு பேரைச் சொல்வேன். கணினி அறிவியலுக்கு அடித்தளம் போட்ட ஆலன் டூரிங் 1947-ல் மாரத்தானை 2 மணி 46 நிமிடத்தில் ஓடியவர். 2001-ல் இயற்பியல் நோபல் வாங்கிய வோல்ஃப்காங் கெட்டர்லே, 56 வயதில், 2014 பாஸ்டன் மாரத்தானை 2 மணி 44 நிமிடத்தில் முடித்தார். அந்த வேகம் நமக்கு எட்டாது. ஆனால் ஆய்வகமும் ஓட்டமும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

காலையா மாலையா என்று முடிவு செய்வதற்கு முன் நாள்காட்டியைச் சுவரில் மாட்டிப் பாருங்கள். ஜனவரி முதல் வாரத்திலிருந்து 16 வாரம் பின்னால் எண்ணினால் செப்டம்பர் நடுவில் வந்து நிற்போம். மிகக் கடினமான வாரங்கள் நவம்பர் கடைசியிலும் டிசம்பர் முதல் பாதியிலும் விழும். எங்கள் வேலையில் நவம்பர் என்றால் செமஸ்டர் தேர்வு, கண்காணிப்புப் பணி, பிறகு விடைத்தாள் திருத்தும் முகாம். போதாததற்கு வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி மழை பலநாள் சாயங்காலமாகப் பார்த்துத்தான் பிடிக்கும். சூரியனும் ஆறு மணிக்கே மறைந்துவிடும். ஜூலையில் அழகாக இருக்கிற மாலைத் திட்டம் நவம்பரில் உடைவது இங்கேதான்.

இரண்டாவது வருட நவம்பரை என்னால் மறக்க முடியாது. கண்காணிப்பில் மூன்று மணி நேரம் நின்றால் பாதம் கனக்கும் என்று தெரியும்; திருத்தும் முகாம் இன்னும் மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. மர நாற்காலியில் காலையிலிருந்து மாலைவரை ஐந்து நாள் உட்கார்ந்ததில் இடுப்பின் முன்பக்கத் தசை இறுகிப்போனது. அந்த வாரம் விட்ட ஓட்டத்தை ஈடுகட்டுவதாக நினைத்து சனிக்கிழமை 16, ஞாயிற்றுக்கிழமை 24 என்று ஓடினேன். இருபதாவது கிலோமீட்டரில் இடது கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. மூன்று வாரம் ஓட்டமே இல்லை, அந்த ஜனவரி மாரத்தான் போனது. விட்டுப்போன ஓட்டத்தை விட்டுவிட வேண்டும். அடுத்த நாளில் ஏற்றக் கூடாது. இப்போது நவம்பரில் இரண்டு வாரத்தை நான் முன்கூட்டியே குறைத்து எழுதிவைக்கிறேன். திருத்தும்போது நாற்பது தாளுக்கு ஒருமுறை எழுந்து வராண்டாவில் நடந்துவிட்டு வருகிறேன்.

வார நாளை எப்படி வைத்துக்கொண்டாலும் ஞாயிறு நீள ஓட்டம் அதிகாலையில்தான் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற ஒன்றை மதுரையில் வேறு எந்த நேரத்திலும் வைக்க முடியாது. சென்னை மாரத்தானும் விடியுமுன்பே தொடங்குகிறது. அந்நேரத்துக்கு வயிறு ஒத்துழைக்க வேண்டும், காலைக்கடன் முடிந்திருக்க வேண்டும், பாதி வாழைப்பழமும் கடுங்காப்பியும் தங்க வேண்டும். மாலையில் மட்டும் ஓடிப் பழகியவர்கள் மாரத்தானன்று இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கடைசி ஒரு மாதமாவது வாரநாள் ஓட்டத்தில் ஒன்றைக் காலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

எங்கே ஓடுவது? எனக்குப் பிடித்தது அழகர்கோவில் சாலை. மதுரையிலிருந்து கோவில் 21 கிலோமீட்டர் என்பார்கள். போனால் அரை மாரத்தான், திரும்பி வந்தால் முழு மாரத்தான். சித்திரையில் அழகர் இறங்கி வருகிற வழி இது: கள்ளந்திரி, அப்பன் திருப்பதி, மூன்றுமாவடி, தல்லாகுளம். வழிநெடுக அவர் நின்று மரியாதை ஏற்கும் மண்டகப்படி உண்டு. எங்களுக்கும் மண்டகப்படி வேண்டும் என்று கணவரிடம் சொல்லி, ஸ்கூட்டரில் தண்ணீரோடு ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் நிற்கச் சொல்வேன். உடம்பு சேர்த்துவைத்திருக்கிற மாவுச்சத்து 30 கிலோமீட்டர் தாண்டும்போது தீரத் தொடங்கும். அதனால் முக்கால் மணிக்கொரு தரம் இரண்டு பேரீச்சம்பழம், ஒரு துண்டு கருப்பட்டி. இந்தச் சாலையில் ஒரே குறை, ஆறரைக்கு மேல் வண்டிகள் வேகமெடுக்கும். வண்டியைப் பார்த்தபடி எதிர்ப்பக்கம் ஓட வேண்டும்.

திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதை வேறு மாதிரி. மலையைச் சுற்றிச் சுற்றி வரலாம். தண்ணீரையும் துண்டையும் ஓரிடத்தில் வைத்துவிட்டால் யாரும் வண்டியில் பின்னால் வர வேண்டியதில்லை. தனியாக நீள ஓட்டம் ஓடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், பௌர்ணமியை மட்டும் தவிர்த்துவிட்டு. கீழக்குயில்குடிச் சமணர் மலைப் பக்கம் காற்று நன்றாக இருக்கும், தாமரைக் குளத்தோரம் ஓடி முடித்து ஆலமரத்தடியில் உட்காரலாம். ஆனால் நகருக்குள் இருப்பவர்களுக்குப் போய்வரும் நேரம் தனி. வண்டியூர்க் கண்மாய் நடைபாதையில் ஞாயிறு காலை நடப்பவர் கூட்டம் அதிகம், சின்ன ஓட்டத்துக்குப் போதும். காமராசர் பல்கலைக்கழக வளாகத்திலேயே தங்கிப் படிக்கிறவர்கள் எங்கும் தேட வேண்டாம். நாகமலையைப் பார்த்தபடி உள்ளேயே ஓடிக்கொள்ளலாம்.

நான் இப்போது செவ்வாயும் வியாழனும் அதிகாலை, வெள்ளி மாலை ரேஸ்கோர்ஸ் டிராக், ஞாயிறு அழகர்கோவில் சாலை என்று வைத்திருக்கிறேன். திங்களும் புதனும் ராத்திரி பதினொன்றுவரை எழுதுவேன், மறுநாள்... சரி, செவ்வாயும் வியாழனும் எழும்போது கண் எரியத்தான் செய்கிறது. அதனால் எழுதும் நாளைச் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மறுநாள் காலையில் ஓட்டம் இல்லாத ராத்திரியை எழுத்துக்கு என்று வைப்பது சரியாக வரும்போலத் தெரிகிறது. வெள்ளி மாலை மட்டும் பாப்பாவும் ரேஸ்கோர்ஸுக்கு வருகிறாள். நான் டிராக்கில் ஓடும்போது அவள் படிக்கட்டில் உட்கார்ந்து சுற்று எண்ணுகிறாள்.

குழந்தை இருக்கிற, காலை வேலையைப் பகிர ஆள் இருக்கிற ஆசிரியருக்கு என் சிபாரிசு காலைதான். வீட்டில் உதவி இல்லாவிட்டால் மாலையோடு சமாதானம் செய்துகொண்டு, முழு மாரத்தானை ஒரு வருடம் தள்ளி, இந்த ஜனவரிக்கு அரை மாரத்தான் வைத்துக்கொள்ளலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆய்வேடு எழுதுகிற மாணவிக்கு வேறு பதில். அவளுக்கு ராத்திரி இரண்டு மணி நேரம் தங்கம். அதைத் தொடக் கூடாது. வார நாளில் மாலை, ஞாயிறு மட்டும் காலை, இருட்டில் தனியாக இல்லை.

"சாயங்காலம் நீங்க டிஸ்கஷன் வெச்சிருவீங்களே மேடம்?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம். அவளுடைய மாலையில் உட்கார்ந்திருந்தது நான்தான். எங்கள் குழுக் கூட்டத்தை நாலரையிலிருந்து காலை ஒன்பதுக்கு மாற்றினேன். ஆகஸ்ட் முதல் அவள் ஷூ ஆய்வக மேஜைக்கு அடியில் ஒரு துணிப்பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாலே முக்காலுக்கு அவளை மூன்றுமாவடியில் அவள் அப்பா வண்டியில் இறக்கிவிடுகிறார். போன வாரம் 14 கிலோமீட்டர் முடித்துவிட்டு இரண்டு பேரும் தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடித்தோம். சுக்கு தூக்கலாக இருந்தது. டம்ளரை வைத்துவிட்டு அவள் கேட்டது ஓட்டத்தைப் பற்றி இல்லை. மூன்றாவது அத்தியாயத்தின் கடைசி அட்டவணையைப் பற்றி.